நாலு மெல்லலுக்குள்

ஜனவரி 29
நேற்று அக்கா மகள் ரோஹிணியைப் பெண் பார்க்க வந்தார்கள். தாய்மாமன் நான் பேசாமல் யார் பேசுவது? திருப்பதியில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு அது சின்னதாகப் பட்டது. "டாக்டரு" என்று வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் நைனா உடனே வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். "இதுக்கு இன்னா மாத்திர போடணும் டாக்டரம்மா?"

"நான் டாக்டரு இல்லீங்க. லேபுல ரத்தம் எடுக்கறவ."

காபி ஆறுவதற்குள் அவர்கள் கார் புத்தூரைத் தாண்டியிருக்கும்.

"இனிமே எம் பேச்ச நீ எங்கியும் பேசாத மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

பிப்ரவரி 3
பதினோரு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எதிர்வீட்டில் இருக்கும் அக்காவும் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள்.

பிப்ரவரி 9
யோசனை வந்துவிட்டது. சாதாரண மூளைக்கு வராது. ரோஹிணி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு சின்னி என் வீட்டில்தான் நிற்கிறது. அது மனசுக்குள் நினைப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால் சிரிப்பாள். சிரித்தால் பேசுவாள்.

ஊர் உலகம் நாயையும் பூனையையும் எடுக்கிறது. நாய்க்கு வாய் அசையாது. ஆடு அசைபோடும் — வசனம் கச்சிதமாகப் பொருந்தும். எட்டாவதில் கணக்கு வாத்தியாரோடு கருத்து வேறுபாடு வந்து படிப்பை விட்டவனின் கண்டுபிடிப்பு இது.

பிப்ரவரி 10
என் வீட்டுக்காரி ஷோபா போனைப் பிடித்தாள். ஆட்டின் குரல் நான். "எங்க பச்சையப்பன் மாமா தங்கம். பிச்சாட்டூர் டேமுல முதலைய ஒத்தக் கையால..." சின்னி நாலு தடவை மென்று வாயை மூடிக்கொண்டது. நான் இன்னும் முதலையிலேயே இருக்கிறேன். ஆடு என்னையே பார்க்கிறது, குரல் மட்டும் ஓடுகிறது.

"யோவ், ஆட்டுக்கே தாங்கலய்யா" என்றாள் ஷோபா.

பிப்ரவரி 11
ஏழு தடவை எடுத்தாயிற்று. முருங்கைக்கீரை ஒரு கட்டு காலி. நாலு மெல்லலுக்கு மேல் அது தருவதில்லை. என் பேச்சு எதுவும் அதற்குள் அடங்கவில்லை. அடங்குவதாக என்னிடம் என்னதான் இருக்கிறது?

ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி 12
எட்டாவது தடவை. "பொண்ணு ரத்தம் எடுக்குது. நல்ல வேல. டாக்டருன்னு சொன்னது இந்தாளு. தப்பு இவுருது."

சின்னி வாயை மூடியது. நானும் மூடினேன். அனுப்பிவிட்டேன். ஷோபா போய் இன்னொரு கட்டுக் கீரை வாங்கிவந்தாள்.

பிப்ரவரி 13
ரோஹிணி வீடியோவைப் பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

பிப்ரவரி 15
ரோஹிணி போன்! "சின்னிகிட்ட குடு" என்றாள். ஆட்டின் காதில் வைத்தேன். அஞ்சு நிமிஷம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். நான் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில், "மாமன் அங்கதான் நின்னுக்கினு இருக்குதா? துன்னுச்சான்னு கேளு."

ஆடு கேட்கவில்லை. "துன்னேம்மா" என்று நானே சொன்னேன்.

மார்ச் 17
வடமாலபேட்டையிலிருந்து வேறு இடம் வந்தது. ரோஹிணியே வந்து என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். மடியில் ஒரு தட்டு முறுக்கையும் வைத்தாள்.

"பொண்ணு இன்னா வேல செய்யுது?"

கூடமே என் வாயைப் பார்த்தது. அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

"திருப்பதியில ஆஸ்பத்திரி லேபுல ரத்தம் எடுக்குது" என்றேன். இவள் ஊசி குத்தினால் குத்தினதே தெரியாது, பெரிய பெரிய டாக்டரெல்லாம் இவளிடம்தான் கை நீட்டுவார்கள் — எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டு மென்றேன். அது தீர்வதற்குள் இன்னொன்று.

அவர்கள் நாள் குறித்துக்கொண்டு கிளம்பும்வரை மென்றுகொண்டே இருந்தேன். இருபது முறுக்கு என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.

ஒன்பது.