பட்டன் வைத்த அம்பாசிடர்

இன்று காலை ஜாக்கி தேடி நம் காரின் டிக்கியைத் திறந்தேன். பின் சக்கரம் ஒன்றில் காற்று இறங்கியிருந்தது. மூடியைத் தூக்கியதும் டர்பன்டைன் எண்ணெய் வாசனை வந்தது. டிக்கி விரிப்பை எத்தனையோ முறை துவைத்துக் காயவைத்துவிட்டேன். வெயில் ஏறினால் வாசனை எங்கிருந்தோ கிளம்பிவிடுகிறது. மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் நீ ஊற்றும் எண்ணெய் அது. உன் சேலையில், கைப்பையில், சில நாள் நம் சோற்றில்கூட இருந்தது. ஜாக்கியை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட வெள்ளை அம்பாசிடர் அது. கல்யாணமான புதிதில் ஏலத்தில் கேட்டு எடுத்தவள் நீ. கால்நடை மருத்துவராக உனக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேலை. எனக்கு இங்கே வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் எழுத்து வேலை. நான் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஸ்கூட்டர்கூட எனக்கு அதிகம். நீயோ கடலைச்செடி நிற்கும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, வண்டித்தடம் எதுவரை போகிறதோ அதுவரை காரைக் கொண்டுபோவாய். கால் முறிந்த கன்றுக்குட்டி ஒன்றைப் பின் சீட்டில் படுக்கவைத்து ஓட்டிவந்தது நினைவிருக்கிறதா? சீட்டெல்லாம் நாறுகிறதே என்றேன். "கழுவினா போயிடும். நீங்க கொஞ்சம் அதும் தலையப் புடிச்சிக்குங்க" என்றாய். பிடித்துக்கொண்டேன்.

நீ ஓய்வு பெற்ற மறு வருஷம் இடது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்பு கடித்தது என்றாய். சர்க்கரை இருந்ததால் புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். டாக்டர் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தபோது நீ குறுக்கே, "வேணாம் சார், புரியுது. நானும் இந்த வேலதான் பாத்தேன்" என்றாய். கணவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு மெல்ல நடக்கப் பழகினாய். ஆனால் அந்தக் காலால் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு ஆழம் மிதிக்கிறோம் என்று பாதத்துக்குத் தெரியாதாம். முருங்கை மரத்தோரம் நின்ற காரைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னாய். அந்தப் பக்கத்து ஜன்னலையும் சாத்திவைத்தாய். காபி வேண்டுமா என்றால் சரி என்பாய். வேண்டாமா என்றாலும் சரி என்பாய். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

நம் மகள் நிர்மலா சென்னையிலிருந்து வந்து, "ஆட்டோமேட்டிக் கார்ல கிளட்ச்சே கிடையாதும்மா. ஒரு கால் போதும். இதக் குடுத்துட்டு அத வாங்கிடலாம்" என்றாள். நல்ல யோசனைதான். கம்பெனி வண்டி ஒன்றை வாசலுக்கே வரவழைத்தாள். நீ அதைப் பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தாய்.

"எப்படிம்மா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுவே ஓட்டிக்கினு போவுது. நான் சும்மா உக்காந்துனு வரேன். எனக்கு வேணாம்."

நிர்மலா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ வேண்டாம் என்று சொன்ன முதல் பொருள் அந்தக் கார்தான். உள்ளே போய்ச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தேன். நீ அதை மறுபடி சாத்தவில்லை.

கால் பொருத்தும் இடத்தில் ஒருவர் தன் காரை உனக்குக் காட்டியிருந்தார். கியர் கம்பியில் ஒரு பட்டன். அதை அமுக்கினால், என்ஜின் உள்ளே இழுக்கிற காற்றின் விசையிலேயே கிளட்ச் தானாக இறங்கும். விட்டால் ஏறும். இதை மறுநாள்தான் என்னிடம் சொன்னாய். "நம்ம வண்டில கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்குது. பட்டன் வைக்க அத விட நல்ல எடம் ஏதுங்க?"

லேத் பட்டறை குமரேசனைக் கூட்டிவந்தேன். அவர் தார்ப்பாயை விலக்கி, கதவுக்கு அடியில் விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"அக்கா, இதுல இரும்பு கம்மி, துரு ஜாஸ்தி. பட்டன் மட்டும் வெச்சா பத்தாது."

"வேற என்ன பண்ணணும்?"

"எல்லாம் பண்ணணும்."

"பண்ணலாம். ஆனா இங்கயே பண்ணணும். நான் பாக்கணும்."

அப்படித்தான் என் கையில் ஸ்பேனர் வந்தது. குமரேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வெட்டுகிற வேலை, பற்றவைக்கிற வேலைகளைப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நீ நாற்காலியில், நான் வண்டிக்கு அடியில். தரைத்தகட்டை அறுத்து எடுத்தபோது நம் வீட்டு மண் தெரிந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதில் உன் பழைய ஸ்கார்ஃபின் நூல் கிடந்தது. கார்புரேட்டரைப் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பினோம். ஒவ்வொரு துண்டாகப் பெட்ரோலில் போட்டுப் பல் துலக்கும் பிரஷால் நீ தேய்ப்பாய். ஊசித் துளையை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாய். "இந்தாங்க, தொறந்துனு இருக்குது" என்று நீட்டுவாய். திரும்பப் பூட்டுவது என் வேலை. முதல் தடவை பூட்டி முடித்தபோது ஒரு திருகு மிச்சம் இருந்தது. இருவரும் அதையே பார்த்தோம். மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம்.

பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தோம். மெழுகுவத்தி மாதிரி எரிந்த முகப்பு விளக்குகளை மாற்றினோம். பிரேக்குக்குப் பூஸ்டர் வந்தது, சீட் பெல்ட் வந்தது. ஸ்டியரிங்கையும் சின்னதாக மாற்றிவிடலாமா என்று குமரேசன் கேட்டார். "உசுருக்குத் தேவைன்னா புதுசு போடு குமரேசா. மத்ததெல்லாம் பழசாவே இருக்கட்டும்" என்றாய். சீட்டையும் தொடவிடவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே வேலையை நிறுத்திவிடுவோம். நம்மைப் போன்ற சமண நயினார் வீடுகளில் இருட்டிய பிறகு சாப்பிடுகிற வழக்கம் இல்லையே. நான் மண்ணும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பேன். நகத்தடியில் கிரீஸ் போகாது. உன் விரலிலும் அதே கறுப்பு. தட்டு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் கையை ஒளித்துக்கொள்வோம். பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டத்தில் டவுனுக்குள் போய்ச் சாமான் வாங்கிவர முடியாது. அன்றைக்கு விடுமுறை. நீ சும்மா போய் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பாய்.

பட்டனைப் பொருத்திய ஞாயிறன்று நீதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாய். என்ஜின் ஓடியது. பட்டனை அமுக்கி முதல் கியர் போட்டாய். பட்டனை விட்டதும் வண்டி ஒரே குதியாகக் குதித்து எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது. தொட்டி உடைந்து முற்றமெல்லாம் தண்ணீர். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாய்.

"விடுங்க. போதும்" என்றாய்.

"ஒரு வாட்டி இப்படி ஆனா..."

"தெருவுல யாராச்சும் நின்னுனு இருந்தா? போதுங்க. மூடிடுங்க."

இறங்கி, கோலை ஊன்றி உள்ளே போய்விட்டாய். குமரேசன் தலை குனிந்து தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் முழுக்க நீ முற்றத்துக்கு வரவில்லை. நான் தார்ப்பாயைப் போடவும் இல்லை. நீ மத்தியானம் படுக்கும் நேரத்தில் வண்டிக்கு அடியில் நுழைந்து, எனக்குப் புரியாததையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு நாள் என்ஜினை ஓடவிட்டு, பட்டன்மேல் ஒரு குச்சியை வைத்து அமுக்கிக் கட்டி, அவிழ்த்துப் பார்த்தேன். விடும்போது புஸ் என்று ஒரு சத்தம். காற்று ஒரேயடியாக உள்ளே போகிறது என்று தோன்றியது. உன்னிடம் வந்து சொன்னேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய்.

"எந்த மாதிரி சத்தம்?"

"புஸ்ஸுனு. சட்டுனு."

இந்தப் பக்கம் திரும்பி எழுந்து உட்கார்ந்தாய். "நரம்புல ஊசி மருந்த வேகமா ஏத்தினா மாடு துள்ளும். மெதுவா ஏத்தணும். குமரேசனுக்குப் போன் பண்ணுங்க."

காற்றுக் குழாயில் ஒரு சின்னத் திருகு. அதை முடுக்கினால் காற்று மெதுவாகப் போகும், கிளட்ச் மெதுவாக ஏறும். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க நீ ஸ்டியரிங்கில் உட்கார மாட்டேன் என்றாய். "நீங்க உக்காருங்க." வாழ்நாளில் ஓட்டாத நான் உட்கார்ந்தேன். நீ பக்கத்தில். என் கைமேல் உன் கையை வைத்து, "அமுக்குங்க. கியர் போடுங்க. இப்ப மெல்ல விடுங்க" என்றாய். வண்டி அசைந்தது, குதிக்கவில்லை. உடைந்த தொட்டியின் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்சம் முடுக்கினோம், மறுபடி ஓட்டினேன், கொஞ்சம் தளர்த்தினோம். அப்படித்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் நீயே, "இறங்குங்க, நான் பாக்கறேன்" என்றாய்.

அனுமதி வாங்கப் போன போக்குவரத்து ஆபீஸில் ஆய்வாளர் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கியதும், "இன்னொரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க மேடம்" என்றார். இரண்டாவது சுற்று முடிந்து சிரித்தபடி வந்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை, பட்டன் வேலை செய்வதைப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்திருக்கிறது.

முதலில் எங்கே போகலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் திருப்பினாய். நீ முன்பு வைத்தியம் பார்த்த கிராமம் ஒன்றில், களத்து மேட்டில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தவர் வண்டியைப் பார்த்தே எழுந்து வந்தார். "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். உன் காலைப் பார்த்தார். பிறகு, "நம்ம மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கலம்மா" என்றார். நீ கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாய். உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் அத்தனை நாள் வண்டிக்கு அடியில் கிடந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இரண்டு மழைக்காலம் ஓட்டினாய். ஒரு மத்தியானம் நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்றாய். ஆஸ்பத்திரியில் பேச முடிந்தவரை பேசினாய். அதில் ஒன்று, "வண்டிய நிறுத்தி வெச்சிடாதீங்க." சரி என்றேன். மறுநாள் நீ இல்லை.

நிர்மலா என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தேன். லைசென்ஸ் எடுத்தேன். பிறகு குமரேசன் ஒரு டீச்சரை அழைத்துவந்தார். கற்பகம் என்று பெயர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் மெலிந்தவர். பஸ்ஸில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போய்வருவது கஷ்டமாக இருக்கிறது, பட்டன் வைத்த கார் வாங்க ஆசை, ஆனால் பழக ஒரு வண்டி இல்லை என்றார். சாவியைக் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உன் சீட்டில், நான் பக்கத்தில்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்ததே. நீ ஓட்டும்போது எதிரில் லாரி வந்தால் என் வலது கால் தரையை அழுத்தும். நீ ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க பக்கம் பிரேக் இல்லீங்க" என்பாய். எத்தனை வருஷம் சொல்லியிருப்பாய். போன ஞாயிறு வளைவில் ஒரு பஸ் வந்தது. கற்பகம் நன்றாகத்தான் ஒதுங்கினார். என் கால் அழுத்தியதை அவர் பார்த்துவிட்டார்.

"பயமா இருக்குதா சார்?"

"இல்லம்மா. பழக்கம்" என்றேன்.

கல்யாணமான நாள் முதல் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த வேலை அதுதானே. நீ ஓட்டுவாய், நான் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டு கூட வருவேன். உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அழுத்திய கால் அது. நீ போய்விட்டாய் என்று அதற்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.