எஸ்க போட்டுக் கேட்ட நாலு கேள்வி

உத்திரமேரூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் செவ்வந்திக்கு அம்மா தேவகி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமா என்று தெரியாமல் இருபத்திரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பரீட்சையில் தவறிவிட்டேன் என்று நீ அழுத அன்று அப்பா ஃபோனைப் பிடுங்கி, "ஃபெயிலாயிட்டு இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினாரே, அதற்குப் பிறகு உன் நம்பர் அடிக்கவே இல்லை. அங்கே பிரெஞ்சுச் சீமையில் நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன், அவர் பிரெஞ்சில் சொன்னது ஒரு எழுத்தும் புரியவில்லை. பக்கத்துக் காவாந்தண்டலத்துக்கு மருமகளாக வந்த ஷீபா பாண்டிச்சேரிப் பெண், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள், அவளிடம் ஓடினேன். நிறைமாதம் அவளுக்கு. "எங்க, ஏன்னு கேக்காதீங்கக்கா, பதில் சொன்னா உங்களுக்கு இன்னா புரியும்? ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க" என்றாள். கேள்வி கேட்க நாம் சொல்லின் கடைசியில் ஆ சேர்க்கிறோம், அவர்கள் முதலிலேயே எஸ்க போடுவார்களாம். வுயி என்றால் ஆமாம், நோன் என்றால் இல்லை. தமிழ் எழுத்தில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தாள். கூட இருந்து பேசுகிறேன் என்றவளுக்கு மறுநாளே வலி எடுத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்று நட்டுக்கொண்டே அதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் நட்ட சிட்டம்மாள், "இன்னாடி பினாத்திக்கினு கீற" என்று பயந்துவிட்டாள்.

முந்தாநாள் மத்தியானம் வரப்பில் நின்று அந்த வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். எஸ்கெல் எ விவான்த், உயிரோடு இருக்கிறாளா. பெற்றவள் வாயால் கேட்கிற கேள்வியா அது. வுயி என்றார். உடம்பு சரியில்லையா என்றேன், நோன். வீட்டில்தான் இருக்கிறாளா, வுயி. அழுகிறாளா என்று கேட்டேன். மெதுவாக வுயி, வுயி என்று இரண்டு தடவை சொன்னார். என்னிடம் அதற்கு மேல் கேள்வி இல்லை. ஏன், ஏன் என்று தமிழிலேயே கத்தினேன். அவர் என்னென்னவோ சொன்னார், நான் அழுதுகொண்டே கேட்டேன், லைன் அறுந்துவிட்டது.

அப்பாவிடம் வந்து சொன்னேன். நேற்று எனக்குத் தெரியாமல் பஸ் ஏறி செங்கல்பட்டு போய், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் ஷீபாவின் கட்டிலருகே நின்று, "எம் பொண்ணாண்ட நான் பேசலாமான்னு எப்டிம்மா கேக்கணும்" என்றிருக்கிறார். எஸ்க ஜ ப லுயி பர்லே. அப்படித்தான் கேட்க வேண்டுமாம். உன்னை விரட்டிய மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், நாக்கு புரளவில்லை.

தேர்வு போனால் போகட்டும், அங்கே முடியாவிட்டால் புறப்பட்டு வந்துவிடு கண்ணு. தனியாக எதையும் நினைத்துக்கொள்ளாதே, வேளைக்கு ஒரு வாயாவது சாப்பிடு. இந்தக் கடிதம் எப்போது வந்து சேர்ந்தாலும் சரி, ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் இங்கே ஐந்து மணிக்கு அப்பா உன் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுவார். மறந்துவிடாதே. அந்த அம்மா ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினால் தள்ளிவிடாமல் வாங்கு. நீ ஒன்றும் பேச வேண்டாம். அப்பாவுக்கும் பேச வராது, அழுவார். வைத்துவிடாமல் இரு.

நீ நூறாண்டு இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும்
உன் அம்மா,
பா. தேவகி