கடல்பன்றி மீனா?

தவக்காலம், வெள்ளிக்கிழமை இரவு

அப்பாவின் வலையில் சிக்கிக் கடல்பன்றி ஒன்று, புத்தகத்தில் கடற்பசு என்று இருப்பது, செத்துவிட்டது. அதைப் பிடிப்பது குற்றம், நேவி கண்டால் மறியலில் அடைத்துவிடும் என்பதால், விடிவதற்குள் கரையிலேயே வெட்டிப் பங்குபோட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அது கறியாகியிருந்தது.

"அம்மா, தவக்கால வெள்ளியில இறைச்சி சாப்பிடக்கூடாதல்லோ?" என்றேன்.

"கடலில பிடிச்சது இறைச்சியோ? மீன்தான். சாப்பிடு."

"அது பாலூட்டி அம்மா. குட்டி போட்டுப் பால் குடுக்கும். யானைக்குத்தான் அது கிட்டின சொந்தம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் இண்டைக்கு யானை பிடிச்சனானோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்தில வாய் திறந்திடாதை, பிள்ளை."

சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது.

நாளைக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைப் பங்குச் சுவாமியிடம் சொல்லவேண்டும். மீன் என்று நினைத்தேன் என்று சுவாமியிடம் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். திங்கட்கிழமையும் பாலூட்டிப் பாடம்தான்; விஞ்ஞான ரீச்சர், கடலில் வாழும் பாலூட்டியை யாராவது நேரில் கண்டீர்களா என்று கேட்பார். முதலில் கை உயர்த்துவது எப்போதும் நான்தான். இந்தமுறை உயர்த்தாவிட்டால் என் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்.

குசினியில் அம்மா மிச்சக் கறியைச் சூடாக்குகிறார். நாளைக்கும் அதுதான்.