தீவுக்கு நீ எழுதிய பூச்சியம்

மச்சான்,

உன் கையெழுத்தை இன்று காலை ஒரு கூட்டத்தில் பார்த்தேன். களப்புத் தண்ணீருக்கு நடுவே கிடக்கும் நம் தீவில் மண் நிரப்பி உல்லாச விடுதி கட்டப் போகிறார்களாம். அங்கே பறவையே தங்குவதில்லை என்பதற்கு அத்தாட்சியாக, நீ நிரப்பிய கணக்குத் தாளைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார்கள். உள்ளான், பூச்சியம். ஆலா, பூச்சியம். நீர்க்காகம், பூச்சியம். கீழே உன் ஒப்பம். கோழி முட்டை மாதிரி நீ சுழிக்கும் அந்த வட்டத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. முதலில் அவர்கள் மேல். பிறகு உன் மேல். மௌத்தாகி மண்ணுக்குள் போனவனைக் கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன்.

அந்தத் தீவை முதன்முதலாகப் பறவைக் கணக்கெடுப்பில் சேர்த்த தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. "வலிச்சிக்கிட்டுப் போவம் மச்சான், சத்தம் கேட்டா எழும்பிரும்" என்றாய். எனக்கோ ஜும்ஆ தொழுகைக்கு முன் ஊர் திரும்ப வேண்டும். "இந்தத் துடுப்போட எப்ப போய்ச் சேர்ற? பேசாம ஏறு" என்று என் எஞ்சின் தோணியில் உன்னை ஏற்றினேன். நாம் நெருங்குமுன்பே கரையிலிருந்த பறவை முழுவதும் எழும்பிவிட்டது. தலைக்கு மேலே ஒரே இரைச்சல். கீழே வெறும் சேறும் கால் தடங்களும். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். ஒன்றும் திரும்பவில்லை.

"பறந்ததையும் எழுதன்" என்றேன்.

"இருந்து எண்ணினதத்தான் எழுதலாம். பறந்தத என்னெண்டு எண்ணுற?"

வரிசையாகப் பூச்சியம் போட்டாய். பிறகு 'குறிப்பு' என்ற கட்டத்துக்குப் பேனையைக் கொண்டுபோனாய். நான்தான் உன் கையைப் பிடித்தேன். "எஞ்சினப் பத்தி எழுதிராத மச்சான். ஊரெல்லாம் என்னப் பார்த்துச் சிரிப்பானுகள்." என் முகத்தைப் பார்த்தாய். பேனையை மூடினாய்.

ஏன் மூடினாய்? பறவை விஷயத்தில் நீ யார் பேச்சையும் கேட்டவனில்லையே. கொக்குக்குக் கண்ணி வைத்தார் என்று சொந்த மாமாவோடு ஒரு வருஷம் கதைக்காமல் இருந்தவன் நீ. எனக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தாய்? அடுத்த கணக்கெடுப்புக்கு முன் போயும் சேர்ந்துவிட்டாய். அதன்பின் அந்தத் தீவுக்கு எண்ணுவதற்கென்று யாருமே போகவில்லை. நானும் போகவில்லை. வெட்கம்.

இன்று எழும்பிச் சொன்னேன்: "அந்தத் தாள்ல பாதிதான் இருக்கு. என்ட எஞ்சின் சத்தத்துக்குத்தான் எல்லாம் பறந்த." கூட்டத்தை நடத்திய அதிகாரி கோப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஏன் அண்டைக்கே எழுதல்ல?" என்றார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு கிழமை தாறம். போய் எண்ணிக்கொண்டு வாங்க" என்று கோப்பை மூடினார்.

அஸர் தொழுதுவிட்டு வந்து, கூட்டத்தில் கேட்டு வாங்கிய உன் தாளின் பிரதியில் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். 'எஞ்சின் தோணியில் வந்ததால் பறந்தன. கொண்டுவந்தவன் நான்.' உன் ஒப்பத்துக்குப் பக்கத்தில் என் ஒப்பத்தை வைத்தேன். பிறகு உன் வீட்டுக்குப் போய் உன் துடுப்பைக் கேட்டு வாங்கி வந்தேன்.

விடிந்ததும் தனியாகத்தான் வலித்துப் போகப் போகிறேன். சத்தம் போட முடியாது. இல்லாவிட்டால் தீவு வரைக்கும் உன்னை ஏசிக்கொண்டே போவேன்.