மைக்கைப் பிடித்த கை

மந்தைவெளி, சென்னை
ஜூலை 8

என் மகள் அன்புக்கரசிக்கும், மாப்பிள்ளை வடிவேலுவுக்கும், பேத்தி மணிமொழிக்கும் கர்த்தருடைய சமாதானம் கிடைக்கட்டும் என்று வேண்டி நைனா டில்லிபாபு எழுதுவது.

எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. நான்தான் எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. அறுபத்தொன்பது வயதில் எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது, கண்ணு. ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. ஆகட்டும்.

போன வருடம் ஆழ்வார்பேட்டை அபார்ட்மென்டில் புது செக்ரட்டரி வந்தார். ரிஜிஸ்டர் படிக்கத் தெரியாத வாட்ச்மேன் எதற்கு என்று கேட்டார். ரோஷத்தில் மாநகராட்சிப் பள்ளியில் மாலை ஐந்து மணி வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் பெயர் வஜீஹா. காலேஜ் படிக்கிற பெண், ராயப்பேட்டையிலிருந்து வருகிறாள். இப்போது பால் பாக்கெட்டில் இருப்பதைக்கூட விடாமல் படிக்கிறேன். நேற்று பஸ் போர்டில் பாலவாக்கம் என்று படித்துவிட்டு, அது நான் ஏறவேண்டிய பஸ்ஸே இல்லை என்றாலும் டிரைவருக்குக் கை ஆட்டினேன். உன் அம்மா தேவானை, 'இந்தாளுக்கு இன்னா ஆச்சு' என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் உன்னோடு ரகசியமாகப் போனில் பேசுவது எனக்குத் தெரியும். ஓசூர் விலாசத்தையும் அவளிடம்தான் வாங்கினேன்.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி வருவது முழுக்கக் கோபம்.

ஜூலை 11

டியூட்டியில் எழுதுகிறேன். யாராவது வந்தால் நிறுத்திவிடுவேன்.

என்ன புத்தகம் படிக்க ஆசை தாத்தா என்று டீச்சர் கேட்டபோது என் வேதாகமத்தைக் கொண்டுபோனேன். ஞானஸ்நானம் எடுத்த அன்று கொடுத்தது. முப்பத்தோரு வருடம் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனேன். எல்லாரும் திறந்தால் நானும் திறப்பேன். பக்கத்தில் இருப்பவர் பக்கம் புரட்டினால் நானும் புரட்டுவேன். அந்தப் பெண் வேறு மதம். ஆனாலும் சரி தாத்தா, கொண்டாங்க என்றாள். ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். 'ஆரம்பிச்சா அடுத்த தலைப்பு வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. பாதியில நிறுத்துனா கதை தப்பா புரியும்.'

பாஸ்டர் செம்பியன் உன் விஷயத்தில் காட்டிய வசனம் எனக்கு மனப்பாடம். தகப்பன்களின் அக்கிரமம் பிள்ளைகள்மேல் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை வரும் என்பது. பத்துக் கட்டளைகள் இருக்கும் இடத்தில் அதைத் தேடிப் பிடித்தேன். இருந்தது. டீச்சர் சொன்னபடி நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனேன். அங்கே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்று இருக்கிறது, அன்பு. தண்டனை மூன்று நான்கு, இரக்கம் ஆயிரம். அடுத்த வரிதான். கண்ணை ஓர் இஞ்ச் இறக்கினால் போதும்.

எனக்குத்தான் படிக்கத் தெரியாது. உன்னைச் சபையில் நிற்கவைத்த அன்றைக்கு அந்த ஹாலில் நாற்பது பேர் படித்தவர்கள் இருந்தார்கள். நாற்பது மடியிலும் புத்தகம் திறந்திருந்தது. ஒருவருடைய கண்கூடவா ஓர் இஞ்ச் இறங்கவில்லை? அந்த நாற்பது பேரையும் நினைத்தால் இந்தப் பேனாவை உடைக்கலாம் போலிருக்கிறது. டீச்சர் கொடுத்த பேனா என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூலை 14

பிறகு யோவான் எழுதிய பகுதிக்குப் போனேன். ஒன்பதாம் அதிகாரத்துக்கு மட்டும் ஏழு நாள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவன். இது யாருடைய பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று கூட இருப்பவர்கள் இயேசுவைக் கேட்கிறார்கள். நம் பாஸ்டர் கேட்ட அதே கேள்வி. இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று அவர் நேராகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் கீழே குனிந்து மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார், அவனுக்குப் பார்வை வந்துவிடுகிறது. விசாரணை வைக்கவில்லை. யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை. நான் பெஞ்சில் ஓங்கி அடித்தேன். 'ஏன் தாத்தா பெஞ்சை அடிக்கிறீங்க, அது இன்னா பண்ணுச்சு' என்று டீச்சர் கேட்டாள். கொசு என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு நிஜத்தைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், மணிமொழிக்கு மூன்று வயது. காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பாஸ்டரிடம் ஓடினேன். கோயிலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்ட பாவம்தான் பிள்ளையின் காதை அடைத்தது, ஆளாளுக்கு எழுந்து பேசும் சாட்சி நேரத்தில் உன் மகள் சபைக்கு முன் அந்தப் பாவத்தை அறிக்கை செய்தால் காது திறக்கும் என்றார். நான் உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாய். உனக்குக் குரல் வரவில்லை. பாஸ்டர், 'பின்னாடி கேக்கல, பிரதர், மைக்கைக் கிட்ட கொண்டுபோங்க' என்றார்.

சபையில் எனக்குக் கொடுத்த ஊழியம் அதுதானே. வாசிக்கத் தெரியாதவனுக்கு மைக் கொண்டுபோகும் வேலை. கொண்டுபோனேன். உன் வாய்க்குக் கிட்டே பிடித்தேன். என்னால்தான் என் பிள்ளைக்கு இப்படி என்று நீ சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. மணிமொழி ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அம்மாவின் அவமானம்தான் அவள் கையில் அதிர்ந்தது.

மறுநாள் மாப்பிள்ளை வந்து வாசலிலேயே நின்று சொன்னார். 'மாமா, எங்க வூட்ல முருகன் படம் கீது. அவரு இதுவரைக்கும் யாரையும் மைக் முன்னாடி நிக்க வெக்கல.' அன்றைக்கு அவர்மேல் கோபப்பட்டேன். சரியாகச் சொன்னார் என்று இப்போது எழுதுகிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டு.

ஜூலை 16

இந்த மாதம் ஆறாம் தேதி ஞாயிறு நடந்ததை உன் அம்மா சொல்லியிருப்பாள். அவள் பாதியைச் சிரித்தே விட்டுவிடுவாள். நான் முழுசாகச் சொல்கிறேன்.

சாட்சி நேரம் வந்தது. மைக் என் கையில். யாருக்கும் கொண்டுபோகவில்லை. நானே நடுவில் நின்றேன். நான் டில்லிபாபு, ஆறு வருடத்துக்கு முன்னால் என் மகளை இங்கே நிற்கவைத்தேன், அவள் சொன்ன அறிக்கையை இன்று நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். சிலர் சிரித்தார்கள். மூன்றாவது வரி வந்ததும் சிரிப்பு நின்றது.

பாஸ்டர் கண் காட்டினார். பாஸ்டரம்மா எழுந்து போய் ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டார். நான் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுத் தொண்டையைத் திறந்து வாசித்தேன். வாட்ச்மேன் தொண்டை, மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

பாஸ்டர் இறங்கி வந்தார். 'பிரதர், வசனத்தைத் தனியா உருவி எடுத்துப் பேசக்கூடாது. அதுக்குக் கர்த்தர் குடுக்கிற வெளிப்பாடு வேணும்' என்றார். 'தனியா உருவினது நீங்க பாஸ்டர். நான் தலைப்புல இருந்து தலைப்பு வரைக்கும் படிச்சிக்கினு இருக்கேன், இன்னும் பாதி கீது' என்றேன். அப்போது பின்வரிசையில் பூக்கட்டும் ராஜாத்தி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'இருக்குது பாஸ்டர். என் புக்குலயும் அப்பிடித்தான் போட்டிருக்குது' என்றார். அதன் பிறகு ஹாலில் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும்தான். ஆறு வருடம் தாமதமான சத்தம்.

கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். வழியெல்லாம் உன் அம்மா, 'படிக்கத் தெரியாதப்ப தெருவோட சண்டை, படிச்சதும் சபையோட சண்டை' என்று திட்டிக்கொண்டே வந்தாள். திட்டிக்கொண்டே என் கையையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 19

கோபம் அவர்களோடு முடிந்துவிட்டால் எனக்கு நல்லது. முடியவில்லை.

அந்த அதிகாரத்தில் பார்வை வந்தவனுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர்கள் அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் சபையை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, எங்களுக்குத் தெரியாது, அவனையே கேளுங்கள் என்று பிள்ளையைக் கைகாட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் என் விரல் நகரவில்லை. அது நான், அன்பு. உன்மேல் பாவம் இல்லை என்று அன்றைக்கே எனக்கு உள்ளே தெரியும். படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது? உன்னை வளர்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை உட்கார ஒரு நாற்காலி போய்விடுமே என்று பயந்தேன். அதற்காக உன்னைக் கைகாட்டினேன். பாஸ்டர் ஒரு வரியை விட்டார். நான் மகளையே விட்டேன்.

கர்த்தர்மேல் எனக்கு வருத்தமில்லை. பொய் சொன்னது அவர் இல்லை. காலையில் கேட்டைத் திறந்துவிட்டு இன்றும் ஜெபம் செய்கிறேன். முன்னே மற்றவர் சொன்னதை நம்பினேன். இப்போது வரி வரியாக நம்புகிறேன். புரியாத வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறேன். நிறைய கோடு இருக்கிறது. இருக்கட்டும்.

அந்த அதிகாரத்தில் எனக்குப் புரிந்த இன்னொரு வரியைச் சொல்லி முடிக்கிறேன். பார்வை வந்தவனைக் கடைசியில் வெளியே தள்ளிவிடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அவனை வரச் சொல்லி ஆள் அனுப்பவில்லை. அவரே போனார். அதனால் நீ வா என்று நான் எழுத மாட்டேன். நான் வரட்டுமா என்று கேட்கிறேன். உள்ளே விடவேண்டும் என்றில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். வராதே என்றாலும் அதை உன் கையால் எழுதி அனுப்பு. உன் எழுத்தை நான் இதுவரை படித்ததே இல்லை.

உன் வீட்டில் எந்தப் படம் மாட்டியிருந்தாலும் அந்த வீட்டின்மேல் ஆயிரம் தலைமுறைக்கும் இரக்கம் தங்கட்டும்.

உன் நைனா
டில்லிபாபு

மணிமொழி நாலாவது படிக்கிறாள், நன்றாக வாசிக்கிறாள் என்று உன் அம்மா சொன்னாள். அவளோடு பேச எனக்கு இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. கீழே அவளுக்குப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ முதலில் படி. காட்டலாம் என்று தோன்றினால் காட்டு.

மணிமொழி, நான் உன் தாத்தா. உன் அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை. தப்பு செய்தது தாத்தா.