பளார் வெடியின் மஞ்சள் பட்டை

மாப்ள,

இன்று அச்சகத்தில் பழைய தாள்களை எடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு லேபிள் தாள். பிரித்ததும் மை வாடை. ஒரே தாளில் இருபத்து நான்கு முறை நீ, கண் பிதுங்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

பத்தொன்பது வயதில் சினிமா ஆசையில் இருவரும் பம்பாய்க்குக் கிளம்பினோம். மதுரை ஸ்டேஷனிலேயே நான் பயந்து திரும்பிவிட்டேன். நீ போனாய். போய் என்ன கண்டாய்? உன் கறுப்பும் மீசையும் தடுமாறும் இந்தியும் அவர்களுக்குப் பிடித்துப்போயின. முப்பது வருடம் மதராசி சர்வராகவே நடித்தாய். கதாநாயகன் அறைவான், தட்டு விழும், தியேட்டர் சிரிக்கும். டைட்டிலில் உன் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. லீவில் வந்தால், "அங்க மதராசிங்கான், இங்க பம்பாய்க்காரன்ங்கீக. நான் எந்த ஊர்க்காரன்லே?" என்பாய். நான் சிரிப்பேன்.

நோயோடு நீ சிவகாசி திரும்பிய வருடம், ஒரு கம்பெனி புது வெடிக்குச் சிரிப்பு வரும்படி லேபிள் கேட்டது. 'பளார் வெடி' என்று பெயர் வைத்து, நீ அறை வாங்கும் படத்தைக் கேட்டேன். நீயே கொண்டுவந்தாய். "வேற ஒண்ணும் வேண்டாம்லே. கீழ எம் பேர மட்டும் போட்டுரு."

மாதிரித் தாளில் மஞ்சள் பட்டை வைத்து உன் பெயரைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை. பொறாமை, மாப்ள.

தீபாவளிக்கு முந்தின வாரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பேரு எங்கனலே?"

"இடம் பத்தல மாப்ள."

"அங்கயும் இதத்தான் சொன்னானுக" என்று பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாய்.

தை மாதம் உன் தங்கச்சி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தாள். "வேற போட்டோ இல்லண்ணே. இதையே போட்டுருங்க" என்று அந்த வெடிப்பெட்டியை நீட்டினாள். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்தேன். சுவரில் ஒட்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், "ஏலே, பளார் வெடிலே!" என்று கத்திச் சிரித்தன. உன் ஊர்வலத்தில் வெடித்ததும் சீசனில் மிஞ்சிய அதே வெடிதான். கிழிந்துகிடந்த உன் முகங்களை மிதித்துக்கொண்டே சுடுகாடுவரை வந்தேன்.

இன்று கிடைத்தது உன் பெயர் போட்ட அந்த மாதிரித் தாள். எடைக்குப் போடவில்லை, மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். வெளியே மெஷினில் இந்த வருட ஆர்டர் ஓடுகிறது. உன் முகத்துக்குக் கீழே மஞ்சள் பட்டை காலியாகவே அச்சாகிறது. இன்று காலைதான், மெஷினில் ஏற்றும் முன் வந்த புது மாதிரித் தாளின் ஓரத்தில், எல்லாம் சரி என்று என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.