நான் நிரூபித்துவிட்ட கருதுகோள்

என் பாப்பாத்தி கண்ணு,

நீ காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தபோது உன் அம்மா முகத்தைப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். இன்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்குக் கருதுகோள் எழுதிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த நீ எட்டிப் பார்த்தாய். மேதாவிபோல விளக்கினேன். கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுத்தால் மாற்றம் வரும் என்று மட்டும் சொல்வது ஒரு வகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவது கூடும் என்று திசையையும் சொல்வது இன்னொன்று. மாற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டு, தகவல் அதை மறுக்கிறதா என்று பார்ப்பது இன்மைக் கருதுகோள்.

"கடைசியா சொன்னதுதான் எனக்குப் புடிச்சிருக்குதுங்கக்கா. அது நம்மளையே சந்தேகப்படுது" என்றாய். நான் சிரித்துவிட்டு, 'கூடும்' என்றே எழுதினேன்.

வகுப்புக்கு முன்னால் நீ போய்க் கேட்டாய். உன் மலையில் குண்டூர் நாட்டு ஊர்ப் பெண்கள் உன்னிடம் உள்ளதைச் சொன்னார்கள், பாதிப் பேர் சாப்பிடவில்லை. வகுப்புக்குப் பிறகு நான் கேட்டேன். எல்லோரும் ஆமாங்க என்றார்கள். மலைக்குக் கீழேயிருந்து வீடு தேடி வந்தவளிடம் இல்லை என்பது அங்கே மரியாதை இல்லை. அது எனக்கு உறைக்கவில்லை. நீ மறுபடி வீடு வீடாகப் போய், பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்து எழுதி வந்தாய். எதுவுமே மாறவில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டில் உனக்கு நன்றி வேறு. நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

என் ஆய்வைக் காட்டித்தான் இப்போது அதே மலையில் குண்டனி நாட்டிலும் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாத்திரை அட்டையை யாரும் பார்ப்பதில்லை. போன வாரம் அங்கே ஒருத்தி ரத்தம் குறைந்து மயங்கி விழுந்தாள். கீழே கொண்டுபோய் அவளைக் காப்பாற்றினோம். குழந்தை தங்கவில்லை.

"குமட்டுச்சுங்க, திங்கல. உங்ககிட்டப் போயி எப்படீங்க இல்லைங்கறது? மன்னிச்சுக்கோங்க" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், பாப்பாத்தி. வெட்கத்தில் செத்துப்போனேன்.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்வேன். திங்கட்கிழமை கல்லூரியில், என் கருதுகோளுக்கு ஆதாரமில்லை, இருந்த ஆதாரத்தை நானே கிழித்தேன் என்று எழுதிக் கொடுப்பேன். பட்டம் போனால் போகட்டும். சத்தியமாகச் செய்வேன்.

நீ இருக்கும்போதே இதைச் சொல்லத் தைரியமில்லாத
உன் அக்கா